1290 பிழை வந்தால் செக்யூர்-ஃபைல்-பிரிவைக் காலியாக வைத்துவிடலாமா?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை 6.10

மைஎஸ்க்யூஎல் 8-இல் ஒரு சிஎஸ்வி கோப்பை லோட் டேட்டா இன்ஃபைல் கொடுத்து ஏற்றப் பார்த்தேன். 1290 பிழை வந்தது. செக்யூர்-ஃபைல்-பிரிவ் இருப்பதால் இந்தக் கட்டளையை இயக்க முடியாது என்றது. நெட்டில் தேடினால், கான்ஃபிக் கோப்பில் அதைக் காலியாக வைத்து ரீஸ்டார்ட் செய் என்று எல்லோரும் ஒரே பதில். செய்தேன், ஏறிவிட்டது. இதை இப்படியே விட்டுவிடலாமா? டேட்டாபேஸை பிரவுசரில் நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினுக்கு வலுவான பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டும் மூடித்தான் இருக்கிறது. இதற்குமேல் என்ன ஆபத்து?

பிப்ரவரி 3, இரவு 9.25

விடக் கூடாது. இன்றே பழையபடி மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு, மூடிய போர்ட் இரண்டும் டேட்டாபேஸுக்குள் யார் நுழையலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்தும். நுழைந்தவர் டேட்டாபேஸைத் தாண்டி சர்வரின் டிஸ்க்கில் எதுவரை போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது செக்யூர்-ஃபைல்-பிரிவ். நீங்கள் எடுத்துவிட்டது அந்த இரண்டாவது வேலியை.

உங்கள் தளத்தின் பிஎச்பி நிரல் எந்நேரமும் டேட்டாபேஸில் லாகின் ஆகியே இருக்கிறது. அதில் ஏதோ ஒரு தேடல் பெட்டியில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை (பெட்டியில் எழுதுவது டேட்டாபேஸ் கட்டளையாகவே ஓடிவிடும் குறை) இருந்தால், தாக்குபவருக்கு உங்கள் பாஸ்வேர்டும் தேவையில்லை, 3306-ம் தேவையில்லை. உங்கள் நிரல் வழியாகவே தன் கட்டளையை அனுப்புவார்.

மைஎஸ்க்யூஎல்லில் லோட்_ஃபைல் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. கோப்பின் பாதையைக் கொடுத்தால் அதன் உள்ளடக்கத்தை செலக்ட் முடிவிலேயே தந்துவிடும். இன்டு அவுட்ஃபைல் இதற்கு எதிர்த்திசை: வினவலின் முடிவை டிஸ்க்கில் புதுக் கோப்பாக எழுதும். இரண்டையும் செய்வது மைஎஸ்க்யூஎல் சர்வர் புரோசஸ். அந்த லினக்ஸ் யூசரால் படிக்க முடிகிற எந்தக் கோப்பும் முதலாவதற்கு இரை. எழுத முடிகிற எந்த ஃபோல்டரும் இரண்டாவதற்கு. அதே சர்வரில் இன்னொரு தளம் இருந்து, அதன் கான்ஃபிக் கோப்பு எல்லோரும் படிக்கும்படி 644-இல் இருந்தால், உங்கள் தளத்து ஓட்டை வழியாக அந்தத் தளத்தின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போய்விடும். அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு 777, அதாவது யாரும் எழுதலாம் என்று கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு பிஎச்பி கோப்பை எழுதிவிட்டு, பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால் உங்கள் சர்வரில் அவருடைய நிரல் ஓடும்.

அந்த அமைப்புக்கு மூன்று நிலை உண்டு. ஒரு ஃபோல்டரின் பாதை இருந்தால் அதற்குள் மட்டும் படிக்கலாம், எழுதலாம். ‘நல்’ என்று இருந்தால் எங்கேயும் முடியாது. காலியாக இருந்தால் எந்தத் தடையும் இல்லை. லினக்ஸில் பேக்கேஜாக நிறுவினால் வார்-லிப்-இன் கீழே மைஎஸ்க்யூஎல்-ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இதற்கென்றே தயாராக இருக்கும். உங்கள் சிஎஸ்வியை அதற்குள் நகர்த்தி வைத்திருந்தாலே 1290 வந்திருக்காது.

பிப்ரவரி 3, இரவு 9.50

சொல்ல விட்டது: இந்த ஆபத்துக்கு அந்த டேட்டாபேஸ் யூசரிடம் ஃபைல் உரிமை இருக்க வேண்டும். ஷோ கிராண்ட்ஸ் போட்டு அவருக்கு என்னென்ன உரிமை என்று பாருங்கள். ஃபைல் என்பது சர்வர் முழுமைக்குமான உரிமை, ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் என்று கொடுக்கவே முடியாது. ஆகவே ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் ‘ஆல்’ (எல்லா உரிமையும்) கொடுத்திருந்தால் ஃபைல் அதில் வராது. ஸ்டார்-டாட்-ஸ்டார் மேல், அதாவது எல்லா டேட்டாபேஸுக்கும் சேர்த்து ‘ஆல்’ கொடுத்திருந்தால் வந்துவிடும்.

நான் பார்த்த சர்வர்களில் பாதிப் பிரச்சினை இங்கேதான். அவசரத்தில் யாரோ ஸ்டார்-டாட்-ஸ்டார் கொடுத்திருப்பார்கள், தளம் ஓடும், பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 4, காலை 7.40

“இன்டு அவுட்ஃபைல் ஏற்கெனவே இருக்கும் கோப்பை மாற்றாது. அப்படியிருக்க இவ்வளவு பயம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அது உண்மைதான், இருக்கும் கோப்பின் மேல் எழுத அது மறுத்துவிடும். பாஸ்வேர்டு கோப்பையோ, கான்ஃபிக் கோப்பையோ யாரும் நாசம் செய்துவிடாதபடி வைத்த தடை அது.

ஆனால் மைஎஸ்க்யூஎல் கோப்பு எழுதும் வழி அது ஒன்று மட்டுமா? பதிவுக் கோப்பும் கோப்புதானே. 2016 செப்டம்பரில் டேவிட் கோலுன்ஸ்கி வெளியிட்ட சிவிஇ-2016-6662 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்) இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஓடும் வினவல்களைப் பதியும் ஜெனரல் லாக் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே மாற்றலாம். அதை மைஎஸ்க்யூஎல்லின் கான்ஃபிக் கோப்பான மை.சிஎன்எஃப் பக்கம் திருப்பிவிட்டு, கான்ஃபிக் வரிகள் அடங்கிய ஒரு வினவலை ஓட்டினால், அந்த வரிகள் பதிவாகிக் கான்ஃபிக் கோப்பிலேயே போய் உட்காரும். மைஎஸ்க்யூஎல்டி-சேஃப் என்ற தொடக்க ஸ்கிரிப்ட் ரூட் யூசராக ஓடுவது. கான்ஃபிக்கில் மால்லாக்-லிப் என்று எந்த லைப்ரரியைச் சொன்னாலும் ஏற்றிக்கொள்ளும். அடுத்த ரீஸ்டார்ட்டில் தாக்குபவரின் நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடும்.

பதிவுக் கோப்பை மாற்ற சூப்பர் என்ற நிர்வாகி உரிமை வேண்டுமே என்றால், ஃபைல் உரிமை மட்டும் உள்ளவரும் அங்கே போய்ச் சேரலாம் என்று கோலுன்ஸ்கி காட்டினார். டேட்டா ஃபோல்டரில் ஒரு ட்ரிகர் (டேபிளில் மாற்றம் நடந்தால் தானே ஓடும் கட்டளை) கோப்பைப் புதிதாக எழுதிவைத்தால் போதும், அந்த ட்ரிகர் ரூட் பெயரில் ஓடி மிச்சத்தைச் செய்துவிடும். ட்ரிகர் கோப்பு புதுக் கோப்பு என்பதால் இன்டு அவுட்ஃபைல் அதைத் தடையில்லாமல் எழுதும். செக்யூர்-ஃபைல்-பிரிவ் ஒரு ஃபோல்டரோடு நின்றிருந்தால் இந்தப் படியிலேயே மாட்டியிருக்கும்.

5.5.52, 5.6.33, 5.7.15 பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். பதிவுக் கோப்பின் பெயர் .சிஎன்எஃப், .ஐஎன்ஐ என்று முடிய முடியாது. 8.0-இல் ட்ரிகர்களைத் தனிக் கோப்பாக வைக்கும் வழக்கமே போய்விட்டது. ஆகவே கேள்வி கேட்டவரின் சர்வரில் இந்தக் குறிப்பிட்ட தாக்குதல் நடக்காது. நான் இதை எழுதியதற்குக் காரணம் வேறு. எழுதும் உரிமை கொடுத்தால் அது எந்தக் கோப்பில் போய் முடியும் என்பதை நாம் உட்கார்ந்து யோசித்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் ஃபோல்டரை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும் என்கிறேன்.

பிப்ரவரி 4, மதியம் 1.15

“அப்படியானால் லோக்கல் சேர்த்து, லோட் டேட்டா லோக்கல் இன்ஃபைல் போட்டால் ஃபைல் உரிமையே வேண்டாமே, அதுதானே பாதுகாப்பு?” என்று இன்னொருவர்.

டேட்டாபேஸ் சர்வர் பக்கம் பார்த்தால் ஆம். அமேசானே நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் போன்ற இடங்களில் மாஸ்டர் யூசருக்குக்கூட ஃபைல் உரிமை கிடையாது, மொத்தமாக ஏற்ற லோக்கல்தான் வழி. ஆனால் லோக்கலில் கோப்பைத் திறக்கும் புரோசஸ் மாறிவிடுகிறது. இப்போது திறப்பது கிளையன்ட். உங்கள் விஷயத்தில் கிளையன்ட் என்றால் உங்கள் லேப்டாப் இல்லை, வெப் சர்வரில் ஓடும் பிஎச்பி. தளத்தின் கான்ஃபிக் கோப்புகளை எல்லாம் படிக்கத் தெரிந்த அதே பிஎச்பி.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது, இரவு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, இரவு 10.30

லோக்கல் இன்ஃபைல் எப்படி நடக்கிறது என்று பாக்கெட் அளவில் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

கிளையன்ட் ‘இந்தக் கோப்பை ஏற்று’ என்று வினவல் அனுப்புகிறது. சர்வர் அதைப் படித்துவிட்டு, ‘சரி, இந்தப் பெயருள்ள கோப்பை அனுப்பு’ என்று ஒரு பாக்கெட் திருப்பி அனுப்புகிறது. கிளையன்ட் அந்தக் கோப்பைத் திறந்து அனுப்புகிறது.

கோப்பின் பெயரை இரண்டாவது முறை சொல்வது சர்வர். கிளையன்ட் தான் முதலில் கேட்ட பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதைவிட மோசம், கிளையன்ட் லோட் டேட்டாவே கேட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாதாரண செலக்ட் ஒன்றுக்குப் பதிலாகவும் சர்வர் அந்தப் பாக்கெட்டை அனுப்பலாம், கிளையன்ட் கீழ்ப்படிந்து கோப்பை அனுப்பிவிடும். மைஎஸ்க்யூஎல் கையேடே இதை எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறது: மாற்றியமைக்கப்பட்ட சர்வர் ஒன்று, எந்தக் கட்டளைக்கும் கோப்புக் கேட்டுப் பதிலளிக்கலாம், கிளையன்ட் யூசர் படிக்க முடிகிற எந்தக் கோப்பையும் வாங்கிவிடலாம் என்று. ஒளிந்திருந்த விஷயமே இல்லை. கையேட்டில் இருந்தது, படித்தவர்கள் குறைவு.

நான் இதை நம்ப முடியாமல் சொந்தக் கணினியில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வைத்துச் சோதித்தேன். ஒன்றில் பழைய பிஎச்பி 7.0, இன்னொன்றில் போலி சர்வராக நடிக்கும் சிறு நிரல். பிஎச்பி பக்கம் இணைத்துவிட்டு ஒரு செலக்ட் மட்டும் ஓட்டினேன். அந்தப் பக்கத்துத் திரையில் என் லினக்ஸ் யூசர்களின் பட்டியல் வந்து விழுந்தது. இதற்கு நூறு வரி நிரல்கூடத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ‘எந்த சர்வரோடு இணைகிறோம்’ என்பதை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

சரி, யார் போய்த் தெரியாத மைஎஸ்க்யூஎல் சர்வரோடு இணைவார்கள்? நாளைக்கு அதுதான்.

பிப்ரவரி 5, மாலை 5.20

அட்மினர். செக்கைச் சேர்ந்த யாகுப் வ்ரானா எழுதிய கருவி. ஒரே ஒரு பிஎச்பி கோப்பு, அதை ஏற்றிவிட்டால் டேட்டாபேஸை பிரவுசரில் நிர்வகிக்கலாம். நானும் விரும்பிப் பயன்படுத்தியது. ஒரே கோப்பு என்பதால் ஒரு சிக்கலும் வந்தது. வேலைக்கு வந்த டெவலப்பர் வெப் ரூட்டில் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போவார். லாகின் பக்கம் இருக்கிறதே, பாஸ்வேர்டு தெரியாமல் யார் நுழைவார்கள் என்ற நம்பிக்கை.

அந்த லாகின் பக்கத்தில் யூசர், பாஸ்வேர்டு தவிர ‘சர்வர்’ என்று ஒரு கட்டம் உண்டு. எந்த முகவரியை வேண்டுமானாலும் தரலாம். தாக்குபவர் என்ன செய்தார்? உங்கள் பாஸ்வேர்டைத் தேடவே இல்லை. சர்வர் கட்டத்தில் தன்னுடைய போலி மைஎஸ்க்யூஎல்லின் முகவரியைக் கொடுத்தார். பாஸ்வேர்டும் அவருடையதே. உங்கள் வெப் சர்வரில் இருக்கும் அட்மினர் அவருடைய சர்வரோடு போய் இணைந்தது. அங்கிருந்து ‘இந்தக் கோப்பை அனுப்பு’ என்று பாக்கெட் வந்தது. அட்மினர் அனுப்பிவிட்டது.

நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் டி க்ரூட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019 ஜனவரியில் இதை வெளியே கொண்டுவந்தார். மஜென்டோ என்ற மென்பொருளில் ஓடும் இணையக் கடைகளில் கார்டு விவரம் திருடும் கும்பல்கள் 2018 அக்டோபரிலிருந்தே இதைப் பயன்படுத்தி வந்தது அவர் கண்ணில் பட்டிருந்தது. அவர்கள் தேடியது லோக்கல்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு, அதில் கடையின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக இருக்கும். அது கையில் வந்ததும் அதே அட்மினர் பக்கத்தில் இம்முறை உண்மையான சர்வர் முகவரியோடு லாகின் செய்து, கடைப் பக்கத்துக்குள் திருட்டு ஸ்கிரிப்டைச் செருகினார்கள். கடைக்காரர் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக வைத்திருந்தாலும் இங்கே அது உதவாது.

4.6.2 வரையிலான பதிப்புகளில் இது நடக்கும். 2018 ஜூனில் வந்த 4.6.3-இல் அடைபட்டது. ஆனால் இதற்கான சிவிஇ எண் 2021-ஆம் ஆண்டினது, 43008. சிவிஇ பட்டியலை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நடுவில் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இங்கே எனக்கு மனம் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைகளில் பல, ஒரே ஆள் நடத்தும் சிறு கடைகள். அட்மினரை ஏற்றியவர் அவர் இல்லை, அப்படி ஒரு கோப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் கடையில் பொருள் வாங்கியவரின் கார்டு எண் போய்விட்டது. வேலையை முடித்துத் தரும் நாம் கடைசி நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி, நாம் வைத்த கருவிகளை நாமே எடுத்துவிட வேண்டும். இதைத் தொழில் மரியாதையாகவே நினைக்கிறேன்.

பிப்ரவரி 5, இரவு 8.00

மேலே சொன்னதை ஒட்டி: உங்கள் வெப் ரூட்டில் அட்மினர் என்ற பெயரில் தேடினால் மட்டும் போதாது. பதிப்பு எண்ணைச் சேர்த்து வைத்திருப்பார்கள், டிபி.பிஎச்பி என்று பெயர் மாற்றியிருப்பார்கள். கோப்புக்குள் ‘அட்மினர்’ என்ற சொல் இருக்கிறதா என்று க்ரெப் போட்டுத் தேடுங்கள்.

பிப்ரவரி 6, காலை 6.50

“நான் பிஎச்பிமைஅட்மின்தானே வைத்திருக்கிறேன், இது எனக்கு இல்லையே” என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்.

அதே கதை அங்கேயும் உண்டு. பிஎச்பிமைஅட்மினில் அலவ்-ஆர்பிட்ரரி-சர்வர் என்று ஓர் அமைப்பு. இயல்பாக அது அணைந்திருக்கும். ட்ரூ என்று வைத்தால் லாகின் பக்கத்தில் சர்வர் கட்டம் தோன்றும், அட்மினர் மாதிரியே. சிவிஇ-2019-6799 அந்த நிலையில் கோப்புப் படிக்கும் ஓட்டை, 4.8.5-இல் அடைத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்தது வேறு வகை. 4.8.0, 4.8.1 இரண்டு பதிப்பில் மட்டும், சிவிஇ-2018-12613. பக்க முகவரியில் டார்கெட் என்று ஒரு மதிப்பு வரும், அதில் சொன்ன கோப்பை பிஎச்பிமைஅட்மின் இன்க்ளூட் செய்யும், அதாவது தன் நிரலோடு சேர்த்து ஓட்டும். அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் செய்தது. ஆனால் ஒப்பிடும்போது முகவரியை ஒருமுறை கூடுதலாக டிகோட் செய்தது. கேள்விக்குறியை இரண்டுமுறை என்கோட் செய்து அனுப்பினால், ஒப்பிடும் இடத்தில் அனுமதித்த பெயராகத் தெரியும், இன்க்ளூட் ஆகும் இடத்தில் வேறு பாதையாகிவிடும். சோதனையும் திறப்பும் ஒரே சரத்தை இரு விதமாகப் படித்தன. லாகின் ஆனவர்தான் செய்ய முடியும் என்றாலும், லாகின் ஆனவர் ஓட்டிய வினவல் செஷன் கோப்பில் பதிவாகும். வினவலில் பிஎச்பி நிரலை எழுதிவிட்டு அந்த செஷன் கோப்பையே இன்க்ளூட் செய்தால், படிக்கும் ஓட்டை நிரல் ஓட்டும் ஓட்டையாகிவிடும். 4.8.2-இல் சரிசெய்தார்கள்.

அந்த ஓட்டைக்கு வந்த அறிவிப்பிலும் அலவ்-ஆர்பிட்ரரி-சர்வர் பற்றிக் குறிப்பு உண்டு. அது ட்ரூவாக இருந்தால், தாக்குபவர் தன்னுடைய சர்வருக்கு லாகின் ஆனாலே லாகின் ஆனவர் ஆகிவிடுகிறார். உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு நடுவில் வரவே இல்லை. ஆகவே கேள்வி கேட்டவர் முதலில் அந்த ஒரு வரியைத் தன் கான்ஃபிக்கில் பாருங்கள்.

பிப்ரவரி 6, மதியம் 2.30

பிஎச்பியே இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கிவிட்டது. மைஎஸ்க்யூஎல்ஐ.அலவ்-லோக்கல்-இன்ஃபைல் என்ற அமைப்பு முன்பு இயல்பாக 1, பிஎச்பி 7.2.16, 7.3.3 முதல் 0. மைஎஸ்க்யூஎல் 8.0-இலும் லோக்கல் இயல்பாக அணைந்திருக்கிறது. முயன்றால் 3948 பிழை வரும், இரண்டு பக்கமும் இயக்க வேண்டும் என்று சொல்லும். 8.0.21-இல் இன்னும் நல்ல வழி வந்தது: லோட்-டேட்டா-லோக்கல்-டிர் என்று கிளையன்ட் பக்கம் ஒரு ஃபோல்டரைக் குறித்துவிட்டால், சர்வர் எந்தப் பெயரைக் கேட்டாலும் அதற்கு வெளியே போகாது.

3948 வந்ததும் நெட்டில் தேடி இரண்டு பக்கமும் 1 என்று வைத்துவிடாதீர்கள். இந்த இழையே அப்படித்தான் தொடங்கியது.

வெளியே செல்லும் இணைப்பையும் கவனியுங்கள். எல்லோரும் உள்ளே வரும் 3306-ஐ மூடுகிறோம். வெப் சர்வர் ஏன் வெளியுலகத்து 3306-க்குப் போக வேண்டும்? ரெட் ஹாட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இதை இயல்பாகவே தடுக்கும். ‘பிஎச்பி டேட்டாபேஸோடு இணையவில்லை’ என்று எஸ்இலினக்ஸை முழுதாக அணைத்த சர்வர்களில்தான் இந்தத் தடையும் போய்விடுகிறது.

பிப்ரவரி 7, இரவு 9.10

“நாங்கள் மைஎஸ்க்யூஎல் இல்லை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை” என்று ஒருவர். இந்த லோக்கல் விஷயத்தில் அவர் சொல்வது சரி. அதன் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லின் பின்சாய்கோடு-காப்பி கிளையன்ட்டின் கோப்பைத் தானே திறக்கிறது, சர்வர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

ஆனால் 2013 ஏப்ரல் 4 நினைவிருக்கிறதா? சிவிஇ-2013-1899. டேட்டாபேஸ் பெயர் ஒரு சிறுகோட்டில் தொடங்கினால், சர்வர் அதைக் கட்டளை வரி விருப்பமாக எடுத்துக்கொண்டது. லாகின் ஆகவே தேவையில்லை, போர்ட்டைத் தொட முடிந்தால் போதும், டேட்டா ஃபோல்டரில் உள்ள கோப்புகளைக் கெடுத்துவிடலாம். திருத்தம் தயாராகும்வரை மூலநிரல் களஞ்சியத்தைப் பொதுவுக்குப் புதுப்பிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். 9.2.4, 9.1.9, 9.0.13 என்று ஒரே நாளில் வந்தன.

இன்னொன்று காப்பி ஃப்ரம் புரோகிராம். 9.3-இல் வந்தது. சூப்பர்யூசர் சர்வரில் ஒரு நிரலை ஓட்டி அதன் வெளியீட்டை டேபிளில் ஏற்றலாம். 2019-இல் இதற்கு 9193 என்று ஒரு சிவிஇ எண் போட்டார்கள். போஸ்ட்கிரெஸ் குழு மறுத்தது. சூப்பர்யூசருக்கும் சர்வர் ஓடும் லினக்ஸ் யூசருக்கும் நடுவில் வேலி இருப்பதாக நாங்கள் சொன்னதே இல்லை, இது ஓட்டை இல்லை, வசதி என்றார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலி எங்கே இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். 11-ஆம் பதிப்பில் கோப்புப் படிக்க, எழுத, நிரல் ஓட்ட என்று தனித்தனி ரோல்களும் கொடுத்துவிட்டார்கள், சூப்பர்யூசர் ஆக்காமலே தேவையானதை மட்டும் தரலாம். இத்தனைக்குப் பிறகும் தளத்தை ‘போஸ்ட்கிரெஸ்’ யூசரிலேயே ஓட்டினால், ஒரு இன்ஜெக்ஷன் ஓட்டை நேராக ஷெல்லில், அதாவது சர்வரின் கட்டளை வரியில் போய் நிற்கும்.

பிப்ரவரி 9, காலை 11.00

கோப்பு விஷயம் பேசும்போது இன்னொன்று. டேட்டாபேஸே ஒரு கோப்புதான் என்பதை மறந்துவிடுகிறோம். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி தளங்களின் காலத்தில் ஆக்சஸ் டேட்டாபேஸின் எம்டிபி கோப்பைத் தளத்தின் ஃபோல்டரிலேயே வைப்பார்கள். முகவரியை ஊகித்தால் முழு டேட்டாபேஸும் டவுன்லோட் ஆகும். இன்று ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை அதே மாதிரி வைக்கிறார்கள். பேக்கப்.எஸ்க்யூஎல் என்று டம்ப் எடுத்து வெப் ரூட்டில் வைப்பதும் இதே ரகம். வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்காக என்று ஒரு சர்வரில் வைத்த டம்பை நான் வருடங்கள் கழித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பள்ளியின் மாணவர் விவரம் முழுக்க இருந்தது. அதை அழித்தபின்தான் மற்ற வேலையைத் தொட்டேன்.

பிப்ரவரி 9, இரவு 10.45

ஃபோல்டருக்குள் வைத்தும் ‘எர்னோ 13’ (அனுமதி இல்லை) வருகிறது என்று எழுதியவருக்கு: அது மைஎஸ்க்யூஎல் மறுப்பதில்லை, லினக்ஸ் மறுப்பது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லுக்கு ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கின் சுயவிவரம் ஒன்று சேர்ந்தே வரும், அதில் சொல்லாத பாதையைத் திறக்க விடாது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி கோப்பில் ப்ரொடெக்ட்-ஹோம் இருக்கும், ஹோம் ஃபோல்டரில் வைத்த கோப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. ஆப்ஆர்மரை அணைக்க வேண்டாம். சுயவிவரத்தில் அந்த ஒரு ஃபோல்டருக்கு ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்யுங்கள். நாம் தவறாக ஏதாவது திறந்து வைத்தாலும் கீழே நின்று தடுக்கும் வேலி அது.

பிப்ரவரி 11, மாலை 7.30

கேள்வி கேட்டவர் செக்யூர்-ஃபைல்-பிரிவைப் பழையபடி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டார், தள யூசரிடமிருந்து ஃபைல் உரிமையையும் ரிவோக் செய்துவிட்டார். அலவ்-ஆர்பிட்ரரி-சர்வர் ஃபால்ஸ்தானாம். நல்லது. காலியாக இருந்த நாட்களில் இன்டு அவுட்ஃபைல் போட்டு மாத அறிக்கையைத் தளத்தின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே எழுதியதாகவும் சொல்கிறார். அதற்கு அந்த ஃபோல்டரை 777 ஆக்க வேண்டியிருந்ததாம்.

அமைப்பைத் திருப்பினாலும் அந்த நாட்களில் எழுதப்பட்டவை அங்கேயே இருக்கும். அவுட்ஃபைல் எழுதிய கோப்பின் உரிமையாளர் மைஎஸ்க்யூஎல் என்ற லினக்ஸ் யூசர். 8.0.17-க்கு முன் என்றால் அது யாரும் படிக்க, எழுத முடிகிற 666-இல் இருக்கும், அதற்குப் பிந்தைய பதிப்புகளில் 640. இந்த உரிமையாளர் விஷயம் இப்போது உங்களுக்கு வசதி. வெப் ரூட் முழுவதிலும் மைஎஸ்க்யூஎல் யூசருக்குச் சொந்தமான கோப்புகளை மட்டும் ஃபைண்ட் கட்டளையால் பட்டியல் எடுங்கள். சாதாரணமாக அந்த யூசருக்கு வெப் ரூட்டில் எந்தக் கோப்பும் இருக்கக் கூடாது. நீங்கள் எழுதிய அறிக்கைகள் தவிர வேறு ஏதாவது, முக்கியமாக பிஎச்பி என்று முடியும் எதுவும் வந்தால் அழிக்காதீர்கள். நகல் எடுத்து வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டு வெப் சர்வர் பதிவில் அந்தப் பெயரைத் தேடுங்கள், இங்கேயும் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 9.05

பட்டியலில் வந்தது மாத அறிக்கைகள் மட்டும் என்று பதில் போட்டிருக்கிறார். மகிழ்ச்சி. அந்தக் கோப்புகளை ரூட்டாக அழித்துவிட்டு ஃபோல்டரை 755-க்குத் திருப்புங்கள். அடுத்த மாத அறிக்கையை அவுட்ஃபைலில் எடுக்க வேண்டாம், பிஎச்பியிலேயே செலக்ட் போட்டு சிஎஸ்வியாக நேரே பிரவுசருக்கு அனுப்புங்கள், டிஸ்க்கில் எதுவும் விழாது. எழுதும் முறை தெரியவில்லை என்றால் டேபிளின் அமைப்பை மட்டும் இங்கே போடுங்கள், தரவு வேண்டாம்.